ஆறு பக்க நிரூபணமும் 18,000 ரூபாயும்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பொறியாளர். கோலாட்ஸ் ஊகத்தைப் பள்ளிக் கணிதத்தை மட்டும் வைத்து ஆறு பக்கத்தில் நிரூபித்திருக்கிறேன். 18,000 ரூபாய் கட்டினால் பத்து நாளில் வெளியிடுவதாக ஒரு ‘சர்வதேச ஆய்விதழ்’ சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்.

இரட்டைப்படை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எதில் தொடங்கினாலும் 1-க்கு வந்துவிடும் என்பதுதானே ஊகம்? உங்கள் தாளில் அந்த ஒன்றைக் கூட்டும் இடத்திலெல்லாம் கழித்துப் பாருங்கள். 5-ல் தொடங்கினால் 14, 7, 20, 10, மறுபடி 5. செக்குமாடுதான், 1-க்கு வரவே வராது. மாற்றிய பிறகும் உங்கள் நிரூபணம் இடறாமல் ஓடுகிறதா? அப்படியானால் அது பொய்யையும் சேர்த்து நிரூபிக்கிறது. எனக்கு வரும் தாள்களில் பாதி இங்கேயே விழுந்துவிடும். “மூன்றால் பெருக்குகிறோம், சராசரியாக நான்கால் வகுக்கிறோம், ஆகவே எண் குறைந்தே தீரும்” என்ற வாதம் கழித்தலுக்கும் அச்சு மாறாமல் பொருந்தும்.

இப்போது பணம். தாளைச் சரிபார்க்கும் எந்த நடுவரும் பத்து நாளில் இதைப் படித்து முடிக்க மாட்டார். “ராமானுஜனையும் ஆரம்பத்தில் ஒதுக்கினார்கள்” என்று உங்களை உசுப்பிவிடுவார்கள். அவர் 1913-ல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார், தபால் செலவோடு சரி. அடுத்து பேட்டன்ட் வாங்கித் தருவதாக ஒருவர் வருவார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவு கணித முறைகளுக்குக் காப்புரிமையே கிடையாது என்கிறது. கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு கொடுத்துக் கொடுத்து நாமே வளர்த்துவிட்ட கடைகள்தான் இந்தக் காசு வாங்கும் இதழ்கள். பல்கலைக்கழகங்களோ கடிதம் வந்ததென்று ஒரு வரி பதில் போடுவதில்லை. பிறகு ஆட்கள் அங்கே போகாமல் எங்கே போவார்கள்?

பெரிய கேள்விக்கு எளிய நிரூபணமே கிடையாதா என்றால், உண்டு. 2002-ல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், ஓர் எண் பகா எண்ணா என்று வேகமாகவும் ஐயமில்லாமலும் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். முதல் வடிவம் ஒன்பதே பக்கம். அதிலும் பெரும்பகுதி கல்லூரி அல்ஜீப்ராதான். நிபுணர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அவர்கள் உடனே உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 2004-ல் கணிதத்தின் மிக உயர்ந்த ஆய்விதழ்களில் ஒன்றில் அது வெளியானது. ஆனால் கவனியுங்கள், அவர்களுடைய புது யோசனை எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

உங்கள் தாளிலும் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும். கூட்டினால் நிற்கும், கழித்தால் உடையும் வரி. அதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஆறு பக்கமும் இப்போது வேண்டாம்.