வீட்டுச் சுவருக்குள் இருக்கும் பழைய டெலிபோன் வயரிங்கை இன்டர்நெட்டுக்குப் பயன்படுத்த முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் செய்திருக்கிறேன். பாதி வீட்டில் பழைய வயரை உருவிவிட்டு அதே வழியில் புது கேபிள் போட்டோம். மீதிப் பாதியில் அந்தப் பழைய வயரிலேயே இன்றைக்கும் இன்டர்நெட் ஓடுகிறது. நீங்கள் கேட்டிருப்பது கிட்டத்தட்ட எங்கள் நிலைமையேதான்: 90களில் கட்டிய மாடி வீடு, அறைக்கு அறை டெலிபோன் பாயிண்ட், ஹாலில் ஃபைபர் இணைப்பு, மாடியில் வைஃபை எட்டவில்லை, சுவரை உடைக்க மனசில்லை. அதனால் எங்கள் கதையையே சொல்லிவிடுகிறேன்.

வீடு கிருஷ்ணகிரி பழைய பேட்டையில். 1994ல் அப்பா கட்டியது. கீழ்த்தளம் முழுக்கக் கருங்கல், ஒன்றரை அடிச் சுவர். எங்கள் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? மாடி மட்டும் செங்கல். கீழே முன்பக்க அறை அப்பாவின் மாங்காய் மண்டிக் கணக்கு அறை. சீசனில் 04343 (எங்கள் ஊர் எஸ்டிடி கோடு) போட்டு வெளியூரிலிருந்து விலை கேட்டு ராத்திரி பத்து மணி வரை போன் வரும் என்பதால், ஹாலில் ஒன்று, கணக்கு அறையில் ஒன்று, மாடியில் ஒன்று என மூன்று கருவி, ஒரே லைன். ஒருவர் டயலைச் சுற்றினால் மற்ற இரண்டும் 'டிங் டிங்' என்று மெல்ல முனகும். மாடியில் அக்கா யாருக்கோ போன் போடுகிறாள் என்பதை அம்மா அடுப்படியில் இருந்தபடியே கண்டுபிடித்தது அப்படித்தான்.

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்துசேர்ந்தேன். மாடியில் உட்கார்ந்தால் மீட்டிங்கில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாக எல்லாரும் சொன்னார்கள். கருங்கல்லையும் தளத்துக் கம்பியையும் தாண்டி வைஃபை வரவில்லை. ரிப்பீட்டர் ஒன்று வாங்கிப் படிக்கட்டில் மாட்டினேன். சிக்னல் கோடு நிறைய காட்டியது, வேகம் பாதிக்கும் கீழே போனது. அப்போதுதான் கட்டில் பக்கத்தில் பெயின்ட் பூசி மறைந்துகிடந்த ரோசட் பெட்டி, அதாவது டெலிபோன் வயர் சுவரிலிருந்து வந்து முடியும் குட்டிப் பெட்டி, கண்ணில் பட்டது.

திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் பழைய லைனை வெளியிலேயே பிரித்துவிடுங்கள். லைன் உயிரோடு இருந்தால் சும்மா இருக்கும்போதே அதில் 48 வோல்ட் டிசி இருக்கும், மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏசி. கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ரவுட்டரில் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட்டுக்கு அது ஆகாது. இணைப்பை ஒப்படைத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்றாலும் பிரியுங்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இறங்கும் இடியில், வெளியே தொங்கும் செம்புக் கம்பி வீட்டுக்குள் எதைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் எல்லாப் பெட்டியையும் திறந்து உள்ளே என்ன வயர் என்று பாருங்கள். இதில்தான் பாதித் தீர்ப்பு இருக்கிறது. இரண்டே கம்பி பக்கத்தில் பக்கத்தில் தட்டையாக ஓடினால் அதில் ஈதர்நெட் (ரவுட்டரும் கம்ப்யூட்டரும் கேபிள் வழியாகப் பேசும் முறை) நேரடியாக ஓடாது, ஆசையை விட்டுவிடுங்கள். நான்கு கம்பி, இரண்டிரண்டாக முறுக்கியிருந்தால் அது இரண்டு ஜோடி கேபிள், அதற்கு வாய்ப்பு உண்டு. எட்டுக் கம்பி நான்கு ஜோடியாக இருந்தால் உங்களுக்கு யோகம். உறைமேல் கேட் 5 (நெட்வொர்க் கேபிளின் தரக் குறியீடு) என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் இரண்டு முனையையும் மாற்றினால் போதும்.

முறுக்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், ஒரு ஜோடியின் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும்போது வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் அடிபட்டுப் போய்விடும். கிரகாம் பெல் 1881லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1990ல் வந்த, நொடிக்கு 10 மெகாபிட் வேக ஈதர்நெட் தரம் டெலிபோன் வகை முறுக்குக் கம்பியில் ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது. 1995ல் வந்த 100 மெகாபிட்டுக்கும் இரண்டே ஜோடி போதும், ஆனால் கம்பி கேட் 5 தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 1999ல் வந்த கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) நான்கு ஜோடியும் வேண்டும், பேரமே கிடையாது.

எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு ஜோடி கேபிள். தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைப் பார்த்ததும், "தம்பி, வயர விடு, பைப்பு இருக்கா பாரு" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட உருப்படியான ஒரே யோசனை அதுதான். அப்பா காலத்து எலக்ட்ரீஷியன் நமக்கு விட்டுப்போன சொத்து, தளத்துக்குள் புதைத்த முக்கால் இஞ்ச் பைப். உள்ளே கிடக்கும் டெலிபோன் வயர், புது கேபிளை இழுத்து வர நமக்குக் கிடைத்த கயிறு.

ஹாலிலிருந்து மாடிக்குப் பைப் இருந்தது. முதலில் அதில் கரண்ட் வயரும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்தோம். சில வீடுகளில் செலவை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே பைப்பில் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த வழி வேண்டவே வேண்டாம். எங்களுடையது தனிப் பைப். கடையில் கேட் 6 தான் வாங்கச் சொன்னார்கள். நான் கேட் 5இ வாங்கினேன். 100 மீட்டர் வரை கிகாபிட்டுக்கு அதுவே போதும். கேட் 6 சுமார் 6 மில்லிமீட்டர் பருமன், இது 5 மில்லிமீட்டர் அளவு, பைப் திரும்பும் பென்டில் வளைந்து போக இது சுலபம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். மடக்கினால் ஒடியும். சுவருக்குள் போட்டு மறக்கிற பொருளில் அந்தச் சிக்கனம் ஆகாது.

இழுப்பதில்தான் வித்தை. புது கேபிளின் மேலுறையை ஒரு சாண் நீளத்துக்கு உரித்து, ஜோடிகளை ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டினார் அண்ணன், முனை கூம்பாக வருவதற்கு. பழைய வயரின் செம்பையும் புதியதின் செம்பையும் கொக்கிபோல் மாட்டி, வழவழவென்று டேப் சுற்றினார். முடிச்சுப் போட்டால் முதல் பென்டிலேயே மாட்டிக்கொள்ளும். கூடவே ஒரு நைலான் கயிறும் கட்டினார், நாளைக்கு இன்னொரு கேபிள் வேண்டுமென்றால் அது உதவும். வழுக்கிக்கொண்டு போகக் கேபிளுக்கு முகப்பவுடர். கீழே நான் தள்ள, மேலே அவர் இழுக்க, நடுவில் படிக்கட்டில் நின்று அம்மா "இழு", "நிறுத்து" என்று அஞ்சல் செய்ய, இருபது நிமிஷம். மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கொஞ்சம் பின்னால் விட்டு, முறுக்கி, மறுபடி. இந்தக் கேபிளுக்கு 11 கிலோ எடைக்குச் சமமான இழுவைதான் வரம்பு. அதற்கு மேல் போனால் உள்ளே முறுக்கு நீண்டு கெட்டுவிடும். மாடிக்கு கிகாபிட் வந்துவிட்டது.

அதே உற்சாகத்தில் கணக்கு அறைக்குப் போனோம். வயர் அரை அடி வந்தது, அப்புறம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னேன். அண்ணன் இழுக்காமல் சுவரைத் தட்டிப் பார்த்து, "இங்க பைப்பே இல்ல தம்பி" என்றார். கருங்கல்லில் காடி வெட்டுவது பெரும்பாடு. அதனால் 1994ல் வயரைக் கல்மேல் ஆணி அடித்து நிறுத்தி, மேலே பூசிவிட்டிருக்கிறார்கள். அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் வயர் உள்ளேயே அறுந்திருக்கும், எதுவும் மிஞ்சியிருக்காது.

தூரம் பதினெட்டு மீட்டர்தான். அவ்வளவு குறைந்த தூரத்தில் தரம் கொஞ்சம் குறைந்த கம்பியும் 100 மெகாபிட்டைத் தாங்கலாம் என்று முயன்று பார்த்தோம். ஆர்ஜே45 பிளக்கில் (நெட்வொர்க் கேபிள் நுனியில் வரும் எட்டு முனை பிளக்) 100 மெகாபிட்டுக்கு வேண்டிய முனைகள் 1, 2, 3, 6. அண்ணன் நிறக் கம்பி இரண்டையும் 1, 2ல் வைத்தார், வெள்ளை இரண்டையும் 3, 6ல் வைத்தார். பார்க்க ஒழுங்காக இருந்தது. டெஸ்டரில் நான்கு விளக்கும் வரிசையாக எரிந்தன. ரவுட்டரில் செருகினால் லிங்க், அதாவது இரண்டு கருவிக்கும் இடையிலான இணைப்பு, வருகிறது, போகிறது, வருகிறது. இரண்டு பிளக்கை வெட்டி புது பிளக்கை மறுபடி கிரிம்ப் செய்து அழுத்திப் பொருத்தினோம், அதே கதை.

ராத்திரி படுத்தபடி யோசித்தபோதுதான் உறைத்தது. நீலமும் அதோடு முறுக்கிய வெள்ளையும் ஒரு ஜோடி, ஆரஞ்சும் அதோடு முறுக்கிய வெள்ளையும் இன்னொரு ஜோடி. நாங்கள் ஜோடியைப் பிரித்துக் கட்டிவைத்திருக்கிறோம். சாதா டெஸ்டர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கம்பி போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், யாரோடு யார் முறுக்கியிருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. நீல ஜோடியை 1, 2லும் ஆரஞ்சு ஜோடியை 3, 6லும் மாற்றினோம். உரிக்கும்போதே ஒரு வெள்ளையில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வெள்ளையும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்.

அப்போதும் லிங்க் வரவில்லை! இந்தத் தடவை வந்து போகவுமில்லை, ஒரேயடியாக இருட்டு. இது வேறு வியாதி. இந்தப் பக்கம் ரவுட்டர், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர், இரண்டுமே கிகாபிட். இரண்டும் வேகம் பேசி முடிவுசெய்வது முதல் இரண்டு ஜோடியிலேயே நடந்துவிடும். "உனக்கு கிகாபிட் தெரியுமா? எனக்கும் தெரியும், சரி" என்று கைகுலுக்கிவிட்டு, நான்கு ஜோடியிலும் பேச முயன்றால் மற்ற இரண்டு ஜோடி இல்லவே இல்லை. சில கருவிகள் தானாக 100க்கு இறங்கி வரும், சில இறங்காமல் அப்படியே நிற்கும். பரணில் கிடந்த பழைய ஐந்து போர்ட் 100 மெகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு இணைப்பைப் பல கருவிக்குப் பிரித்துத் தரும் பெட்டி) ஒன்றைத் தூசி தட்டி நடுவில் வைத்தேன். உடனே பச்சை விளக்கு. ஸ்பீடு டெஸ்டில் 94 மெகாபிட் வந்தது. 100 மெகாபிட் லிங்க்கில் கிடைக்கிற உச்சமே அவ்வளவுதான். கம்ப்யூட்டர் செட்டிங்கில் வேகத்தை 100 என்று வைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் அடுத்து யாராவது வேறு கம்ப்யூட்டர் செருகினால் மறுபடி என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுவிட்ச் யாரையும் கூப்பிடாது.

இன்னொரு சிக்கல் உங்களுக்கு வரலாம். டெலிபோன் பாயிண்ட்களைப் பெரும்பாலும் சங்கிலியாகத்தான் இணைத்திருப்பார்கள்: ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து மாடி. போனுக்கு அது போதும், ஈதர்நெட்டுக்கு ஒரு கேபிளுக்கு இரண்டே முனை, நடுவில் கிளை கூடாது. நடுப்பெட்டியில் இரண்டு கேபிள் வந்தால் அங்கே ஒரு குட்டி சுவிட்ச் வையுங்கள். அந்த அறையில் இன்டர்நெட் வேண்டாம் என்றால் நீலத்தை நீலத்தோடும் ஆரஞ்சை ஆரஞ்சோடும் நேராக இணைத்து மூடிவிடுங்கள். தளத்து ஜங்ஷன் பாக்ஸில் மூன்று நான்கு கேபிளை ஒன்றாக முறுக்கியிருந்தால் அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

பைப்பும் இல்லை, தட்டை வயர்தான் என்றால், ஒரே ஜோடிக் கம்பியில் ஈதர்நெட்டை அனுப்பும் கருவிகள் ஜோடியாக விற்கின்றன. ஜி.எச்.என் என்று ஒரு வகை, விடிஎஸ்எல் எக்ஸ்டெண்டர் என்று ஒரு வகை. நான் இரண்டையும் பயன்படுத்தியதில்லை. விலையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வீட்டில் கிடக்கும் பழைய பிராட்பேண்ட் மோடம் இரண்டை முகத்துக்கு முகம் மாட்டி இதைச் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நடக்காது. அவை இரண்டுமே வாடிக்கையாளர் பக்கத்து மோடம், எக்ஸ்சேஞ்ச் பக்கத்துக் கருவியோடு மட்டும்தான் பேசும்.

மாடியில் கேபிள் வந்த இடத்தில் பழைய ரவுட்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டால் அது வெறும் வைஃபை பெட்டியாக வேலை செய்யும். கணக்கு அறையில் அப்பாவின் கம்ப்யூட்டரும் மண்டி வாசல் கேமராவும் அந்த 94 மெகாபிட்டில்தான் ஓடுகின்றன. அப்பாவுக்கு லேண்ட்லைன் நம்பர் போகக் கூடாது என்பதால் போனை ஃபைபர் மோடத்தின் போன் போர்ட்டிலேயே மாட்டினோம். கணக்கு அறையில் மணி அடிக்கவில்லையே என்ற குறை மட்டும் அவருக்கு இன்னும் இருக்கிறது. வயரைத்தான் நான் எடுத்துக்கொண்டேனே.

உங்கள் பெட்டியைத் திறந்து, எத்தனை கம்பி, முறுக்கு இருக்கிறதா, பெட்டிக்குப் பின்னால் பைப் வாய் தெரிகிறதா என்று ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.