ஒருவருக்கு மட்டும் ஒரு படகு – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் ஏரிப் பயணக் குறிப்பில் ஒற்றை ஆள் கனூவை (துடுப்புப் போட்டு ஓட்டும், மேலே திறந்த மெல்லிய படகு) பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நல்ல பழைய கனூ வைத்திருப்பவர்கள் அதை லேசில் விற்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஒருவர் விற்கிறேன் என்கிறார்!

நான் இருப்பது ராச்செஸ்டரில். எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் கொட்டகையில் ஒரு கனூ தலைகீழாகத் தொங்குகிறது. 14 அடி நீளம், கெவ்லார் என்ற செயற்கை இழையில் செய்தது, விளிம்பில் மரச்சட்டம், நடுவில் ஒரே ஒரு இருக்கை. 1980களின் தொடக்கத்தில் வாங்கியதாம். கேட்கும் விலைக்கு இரண்டு புது பிளாஸ்டிக் கயாக் (மேலே மூடிய துடுப்புப் படகு) வாங்கலாம். நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு அந்தக் கனூவின் பக்கங்கள் மேலே போகப் போக உள்வாங்கி இருக்கின்றன. பழசாகிச் சுருங்கிவிட்டதோ என்று சந்தேகம். பெரியவரிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

இந்தப் பழைய படகுகள் மேல் இருக்கும் மோகம் வெறும் பழம்பெருமைதானா, இல்லை உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் பெரியவரின் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். பக்கங்கள் சுருங்கவில்லை, அப்படித்தான் செய்தார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு செருப்புத் தைப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1821-இல் பிறந்தவர். பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோவில் செருப்பு தைத்துப் பிழைத்தார். ஐந்தடி மூன்று அங்குல உயரம், ஏறக்குறைய 50 கிலோ எடை, அதோடு நெஞ்சுச் சளி. 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதுவார். சிறுவயதில் தன்னைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பழக்கிய ஒரு பழங்குடி மனிதரின் பெயர் அது.

அவருக்கு நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளின் ஏரிகளைப் பார்க்க ஆசை. அந்தக் காலத்தில் அங்கே போகிறவர்கள் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவார்கள். அவர் தன் பெரிய படகில் துரையை உட்கார வைத்துத் துடுப்புப் போடுவார். ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை காட்டுப்பாதையில் படகைத் தோளில் சுமப்பார். துரை கையை வீசிக்கொண்டு பின்னால் நடப்பார். சியர்ஸிடம் அதற்கான காசு இல்லை. வழிகாட்டி இல்லாமல் போக வேண்டும் என்றால், நோயாளியான அவரே தூக்கக்கூடிய எடையில் படகு வேண்டும்.

அதே மாநிலத்தில் கேண்டன் என்ற சிற்றூரில் படகு கட்டிக்கொண்டிருந்த ஜே. ஹென்றி ரஷ்டனுக்குக் கடிதம் எழுதினார். ரஷ்டனும் உடம்பு ஒத்துழைக்காத, சின்ன ஆள்தான். படகு கட்டுவதற்கு முன் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். "காலுக்குத் தக்க செருப்பு" என்ற பழமொழியை இந்த இருவருக்கும் யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

1880-இல் முதல் படகு வந்தது. பத்தடி நீளம், எட்டு கிலோ. மறு வருடம் வந்தது ஏழு கிலோ சொச்சம். 1883-இல் வந்தது ஒன்பதே அடி நீளம், 26 அங்குல அகலம். எடை பத்தரை பவுண்டு, நம் கணக்கில் ஐந்து கிலோவுக்கும் குறைவு. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதைவிடச் சின்னதாகக் கேட்காதீர்கள், படகாகப் பிடிக்காவிட்டால் சூப் கிண்ணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தத்தில் ரஷ்டன் எழுதி அனுப்பினார். சியர்ஸ் நிறுத்தவில்லை. இரண்டு வருடம் கழித்து அதைவிட லேசாக இன்னொன்று வாங்கினார். எவ்வளவு லேசான படகு என்னை மூழ்கடிக்கும் என்று பார்க்கிறேன் என்பது அவர் வழக்கமான கிண்டல். விடை கடைசிவரை கிடைக்கவில்லை. 1890-இல் வீட்டில்தான் இறந்தார்.

அந்த 1883 படகுக்கு அவர் வைத்த பெயர் 'சேரி கேம்ப்'. டிக்கன்ஸ் நாவலில் வரும் தாதி அவள். குடிக்கும்போது தண்ணீரைத் தொடமாட்டாள். என் படகும் தண்ணீர் சேர்த்துக்கொள்ளாது என்று சியர்ஸ் சொன்னார். அதில் 266 மைல் போய்வந்தபோது அவருக்கு வயது 61.

அந்தப் படகு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நான் பார்த்தது அடிராண்டாக்கில் உள்ள புளூ மவுண்டன் லேக் அருங்காட்சியகத்தில். ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு பெரிய வாழைப்பூ மடல் மாதிரிதான் இருந்தது. தனித் தனியாக மெல்லிய வெண் தேவதாருப் பலகைகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டின் ஓரத்தையும் சீவிச் சேர்த்திருப்பதால் விரலால் தடவினால் படி தெரியாது என்பார்கள். (தடவ விடமாட்டார்கள்.) உள்ளே வங்குகள் (பலகையைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்) விரற்கடை கனம்கூட இல்லாமல் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. இதுதான் சூட்சுமம். பலகை கனமாக இருந்தால் வங்கு குறைவாகப் போதும். பலகையை மெலிய விட்டால் வங்கை நெருக்க வேண்டும். எடை எங்கே போனது என்று கேட்டால், ஒவ்வொரு துண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கப்பட்டிருக்கிறது. இருக்கை கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். அதனால் எடையும் மிச்சம், ஆளின் பாரமும் கீழே இறங்கி, படகு ஆடுவதும் குறைகிறது.

ஒற்றை ஆள் கனூவுக்கு நாகரிக உலகத்தில் பெயர் வாங்கிக்கொடுத்தது சியர்ஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் வழக்கறிஞர் ஜான் மக்ரெகர் 1865-இலேயே 'ராப் ராய்' என்ற படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்து, மறு வருடம் புத்தகமும் போட்டுவிட்டார். ஓக் மரம், 15 அடி, 36 கிலோ. அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டில் நடக்க முடியாது. அவருக்கு அது தேவையும் படவில்லை, ரயிலும் மாட்டுவண்டியும் இருந்தன. எனக்கு மக்ரெகர் மேல் பெரிய ஈடுபாடு இல்லை. வசதியுள்ளவரின் குறும்பு அது. ஆனால் அவர் எதைப் பார்த்து அந்தப் படகைச் செய்தார் என்பது முக்கியம். வடதுருவ மக்களின் கயாக்கைப் பார்த்து.

அளவெடுக்கும் வித்தை அங்கே இருந்துதான் வருகிறது. கிரீன்லாந்தில் கயாக் செய்கிறவருக்கு அடிக்கோல் வேண்டாம். ஓட்டப்போகிறவர் கைகளை விரித்து மூன்று முறை அளந்தால் நீளம். இடுப்பின் அகலத்தோடு மடக்கிய கைமுட்டி இரண்டின் அகலத்தைச் சேர்த்தால் படகின் அகலம். இன்னொருவர் ஏறினால் இடிக்கும், அல்லது ஆடும். பூர்ச்ச மரப்பட்டையில் கனூ செய்த வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் வேட்டைக்காரர் ஒருவருக்கென்றே செய்த சின்னப் படகுகள் இருந்தன. டாப்பன் ஆட்னி என்பவர் வாழ்நாள் முழுக்க அந்தக் கைத்தொழிலைக் குறித்துவைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிப் படகுகளைத் தானே செய்தார். அவை வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ரஷ்டன் வானத்தில் இருந்து குதித்தவர் இல்லை என்பது புரியும்.

சரி, உங்கள் கொட்டகைக் கனூவுக்கு வருவோம்.

ரஷ்டன் 1906-இல் இறந்தபிறகு ஒற்றை ஆள் கனூ மெல்ல மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கனூ என்றாலே முகாமிலும் வாடகைக் கடையிலும் கிடக்கும் இரண்டு பேர் படகுதான். நான் பழகியதும் அதில்தான். 17 அடி அலுமினியம், முப்பது கிலோவுக்கு மேல். ஒரு அக்டோபர் மதியம் தனியாக அதை எடுத்துக்கொண்டு போனேன். பின்னிருக்கையில் நான் உட்கார, அணியம் (படகின் முன்முனை) தண்ணீரை விட்டு மேலே எழும்பி நின்றது. காற்று அதைப் பிடித்துக்கொண்டது. கோயில் கோபுரத்துக் கொடி மாதிரி நான் காற்று சொன்ன பக்கம் எல்லாம் திரும்பினேன். கரைக்கு வர ஒன்றரை மணி நேரம். கரையில் ஒரு பாட்டி நாயோடு நின்று கடைசிவரை வேடிக்கை பார்த்துவிட்டு, நான் இறங்கியதும் "நல்ல நாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படகில் குறையில்லை. அது இரண்டு பேரையும் அவர்கள் சாமானையும் எதிர்பார்த்து வரையப்பட்டது. பாதிப் பாரம் ஏற்றினால் அது தண்ணீரில் உட்காராது, மேலே மிதந்து காற்றுக்கு முகம் காட்டும். அகலமும் சேர்ந்துகொள்ளும். துடுப்பு தண்ணீரைத் தொட ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய வேண்டும்.

1970களில் இந்த எரிச்சல் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தது. கண்ணாடியிழையும் கெவ்லாரும் கைக்கு எட்டின. டேவிட் யோஸ்ட் போன்ற படகு வடிவமைப்பாளர்கள் ஒற்றை ஆளை நடுவில் உட்கார வைத்துப் படகை முதலில் இருந்து வரையத் தொடங்கினார்கள். உங்கள் பெரியவரின் கனூ அந்த வழியில் வந்தது. அதன் பக்கம் ஏன் உள்வாங்குகிறது? நீர்மட்டத்தில் அகலம் இருந்தால்தான் ஆடாது. ஆனால் நம் தொடையோரம் அகலமாக இருந்தால் துடுப்பு எட்டாது. அதனால் கீழே அகலமாக விட்டு, உட்காருகிற இடத்தில் மட்டும் மேல் விளிம்பை உள்ளே இழுத்தார்கள். துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்துப் போடலாம். படகின் உடலை ஒட்டிச் செங்குத்தாகத் துடுப்புப் போட்டால் படகு அவ்வளவாகத் திரும்பாது, சாய்த்துப் போட்டால் எதிர்ப்பக்கம் அதிகம் திரும்பும்.

இவ்வளவு நல்ல விஷயம் ஏன் இன்றைய மலிவுப் படகுகளில் அரிதாக இருக்கிறது? காரணம் அச்சு. இட்லி ஏன் தட்டிலிருந்து எளிதாக வருகிறது? குழியின் வாய் அகலமாக இருப்பதால். குடத்துக்குள் இட்லி வார்த்துப் பாருங்கள், குடத்தை உடைத்தால்தான் வரும். உள்வாங்கிய பக்கமுள்ள கனூவும் அப்படித்தான். அச்சை இரண்டு பாதியாகச் செய்து, பூட்டி, வார்த்து, பிரித்து எடுக்க வேண்டும். அச்சுக்கும் செலவு, ஆளுக்கும் நேரம். பக்கங்களை வெளியே விரித்துவிட்டால் ஒரே அச்சு போதும். உங்கள் தெருப் பெரியவரின் படகில் நீங்கள் 'சுருங்கியது' என்று நினைத்த இடத்தில்தான் காசு போயிருக்கிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிளாஸ்டிக் கயாக்கைப் பாறையில் மோதலாம், வெயிலில் மறந்து போடலாம், தெரியாதவர் கையில் கொடுக்கலாம். பழையது எல்லாம் பொன்னும் இல்லை. எழுபதுகளில் வந்த சில படகுகள் எருமை மாதிரி நகரும். நேரே பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 12 அடி பிளாஸ்டிக் கயாக் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஐம்பது வயதில் அதைத் தனியாகக் காரின் கூரையில் ஏற்றுகிறவர்கள் எனக்குத் தெரிந்து முதல் வருடம் பத்து முறை ஏரிக்குப் போகிறார்கள், இரண்டாம் வருடம் மூன்று முறை. அப்புறம் கயாக்கில் பூச்செடி வைக்கிறார்கள். உங்கள் 14 அடி கெவ்லார் பதினைந்து பதினெட்டு கிலோதான் இருக்கும். சியர்ஸ் கேட்டதும் இதைத்தானே.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். மரச்சட்டம் இரு முனையிலும் சேரும் இடத்தைக் கீழிருந்து நகத்தால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் உளுத்துவிட்டது. மாற்றலாம், ஆனால் விலையில் கழிக்க வேண்டும். நீங்களே தனியாகத் தோளில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெரியவர் உதவிக்கு வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் தண்ணீரில் இறக்கி, முட்டி போட்டு உட்கார்ந்து, கையைத் தொங்கவிடுங்கள். விளிம்பு முழங்கையில் இடிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. அன்று அதை வாங்கும்போது அவர் எத்தனை கிலோ இருந்தார் என்று கேளுங்கள். அவர் எடைக்கும் உங்கள் எடைக்கும் பத்துப் பதினைந்து கிலோவுக்குள் வித்தியாசம் என்றால், அவர் சொல்கிற விலையைக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.