பாட்டும் படமும் பதிவிறக்கமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, புதுப்படம் வெளியான அன்றே டெலிகிராமில் வந்துவிடுகிறது. பிள்ளைகளோடு திரையரங்கிற்குப் போனால் டிக்கெட், சோளப்பொரி, கார் நிறுத்தக் கட்டணம் என்று நூறு வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. ஒரு முறை பார்த்துவிட்டு அழித்துவிடுகிறோம். இதில் என்ன தவறு?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, செலவைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான், நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு வாரந்தோறும் திரையரங்கு கட்டுப்படியாகாது. ஆனால், அன்றே கிடைக்கும் அந்தக் கோப்பில் இருப்பதைப் படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவர் கைப்பேசியை மறைத்து வைத்துக்கொண்டு இருக்கையிலிருந்து எடுத்தது அது. திரையின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது, அரங்கின் பல திசைகளுக்கென்று பிரித்துக் கலந்த ஒலி ஒற்றை மைக்கில் குழம்பி வரும், பின்வரிசையில் ஒருவர் இருமுவதும் கேட்கும், குறுக்கே சூதாட்டத் தளத்தின் விளம்பரம் வேறு ஓடும். ஒளிப்பதிவாளரும் ஒலிக்கலவையாளரும் மாதக்கணக்கில் உழைத்ததைப் பிள்ளைகள் முதன்முதலாக இந்தக் கோலத்தில் பார்ப்பதுதான் என்னை வருத்துகிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. திரையிடும்போது படத்தைப் பதிவுசெய்வதை நம் மலேசியா 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே தனிக் குற்றமாக்கிவிட்டது. இந்தியா 2023-இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, இதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்திருக்கிறது. திருட்டு ஒளிபரப்புக்கென்று பெட்டிகளை விற்பவர்களுக்கும் இங்கே 2022 முதல் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

எனக்குச் சட்டத்தைவிட முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் படத்தின் மலேசிய உரிமையைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்குபவர் முதல் வார இறுதியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார். அந்த மூன்று நாட்கள் இருக்கைகள் காலியாகக் கிடந்தால் அடுத்த வாரமே காட்சிகள் குறைந்துவிடும். பெரிய நடிகரின் படம் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். நட்சத்திரம் இல்லாத நல்ல படம்தான் முதலில் அடிபடும். ஆகவே, பெரிய திரையில் பார்த்தே தீர வேண்டிய படத்திற்கு வாரநாளில் கட்டணம் குறைவான காட்சியாகப் பார்த்துப் போங்கள், மற்றவற்றுக்குக் காத்திருங்கள். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரங்களிலேயே ஓடிடி தளங்களுக்கு வந்துவிடுகின்றன.

கேள்வி: மாதச் சந்தா கட்டி நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். சந்தாவை நிறுத்தியதும் எல்லாம் மறைந்துவிட்டன. பணம் கட்டிய எனக்கு அவை சொந்தமில்லையா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சொந்தமில்லை. செயலிக்குள் நடக்கும் பதிவிறக்கம் பூட்டுப்போட்ட ஒரு தற்காலிகப் பிரதிதான். ஸ்பாட்டிஃபையில் சந்தா கட்டிக்கொண்டிருப்பவரே கூட 30 நாட்களுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணையாவிட்டால், பதிவிறக்கிய பாடல்கள் ஒலிக்காது. இசை நிறுவனத்திற்கும் தளத்திற்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்துவிட்டால், சந்தா இருந்தாலும் பாடல் போய்விடும். சந்தாவை நான் குறை கூறவில்லை. புதிதாக ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதற்கு அதைவிட வசதியானது கிடையாது. ஆனால், வாழ்நாள் முழுவதும் கூடவே வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் பாடல்களைக் கோப்பாகவோ சிடியாகவோ விலைக்கு வாங்கிவிடுங்கள். ஐடியூன்ஸ் கடையில் விற்கப்படும் பாடல்களுக்கு 2009 முதலே பூட்டு இல்லை.

கேள்வி: ஐம்பது ஆண்டு கடந்த பாடல்களுக்கு உரிமை கிடையாது என்கிறார்களே?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பாதி உண்மை. மலேசியாவில் ஒலிப்பதிவுக்குத்தான் 50 ஆண்டு. இந்தியாவில் அது 60. பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளோடு, இங்கே 50 ஆண்டும் அங்கே 60 ஆண்டும் சேரும். கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் வரிகளுக்கு இங்கே 2031 முடியும் வரை பாதுகாப்பு உண்டு.

கேள்வி: உள்ளூர்க் கலைஞர்களின் பாடல்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நான் காசு கொடுத்து வாங்குவதால் அவர்களுக்கு உண்மையில் என்ன கிடைத்துவிடப் போகிறது?
– வாசகர், செந்தூல்

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எதிர்பார்த்திருந்தேன். நீங்கள் கட்டும் மாதச் சந்தா, நீங்கள் கேட்ட கலைஞருக்கே போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் அப்படி நடப்பதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே இடத்தில் குவிகிறது. மொத்தம் ஒலித்த பாடல்களில் யாருடைய பாடல் எத்தனை முறை ஒலித்ததோ, அந்த விகிதத்தில் அது பிரிக்கப்படுகிறது. நீங்கள் மாதம் முழுவதும் செந்தூல் இளைஞர் ஒருவரின் பாடலையே கேட்டுக்கொண்டிருந்தாலும், உங்கள் வெள்ளியின் பெரும்பகுதி உலகமே கேட்கும் ஒரு சிலரிடம் போய்ச் சேரும். இதற்கு மேல், ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை ஒரு காசுகூடக் கிடையாது. கோடிக்கணக்கான ரசிகர்களைக் கொண்ட மொழிச் சந்தைக்கு ஆயிரம் என்பது ஒன்றுமே இல்லை. இங்கே, சொந்தச் சேமிப்பைப் போட்டு, நண்பரின் அறையில் ஒலிப்பதிவு செய்து, விளம்பரத்திற்குப் பணமில்லாமல் பாடலை வெளியிடும் ஒருவருக்கு அது உண்மையான தடை.

இதனால்தான் ஒரு வேண்டுகோளை அழுத்திச் சொல்கிறேன்: வாட்ஸ்அப் குழுவில் உள்ளூர்ப் பாடலைப் பகிரும்போது எம்பி3 கோப்பை அனுப்பாதீர்கள், சுட்டியை அனுப்புங்கள். கோப்பாகப் போன பாடலை இருநூறு பேர் கேட்டாலும் கணக்கில் ஒன்றுகூட ஏறாது. சுட்டி வழியாகக் கேட்டால், அந்த ஆயிரத்தை நோக்கி இருநூறு அடி முன்னேறியதாகும். பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு நம் ஆட்கள் செய்யும் இந்தக் கோப்புப் பகிர்வு, கலைஞருக்குச் சேர வேண்டியதைக் குறைத்துவிடுகிறது.

வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் தொகுப்பு இருந்தால் அங்கே வாங்குங்கள். விலையின் பெரும்பங்கு கலைஞரையே சேர்கிறது, உங்களுக்கும் சுருக்கப்படாத தரத்தில் கோப்பு கிடைக்கிறது. நிகழ்ச்சிக்கு இலவச அனுமதி கேட்காமல் டிக்கெட் வாங்கிப் போவதும் இதில் சேர்த்திதான்.

நம்மவர்களிடம் தரம் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, தமிழ் ராப் என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் எடுத்துச் சொன்னது. 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’ படம், 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. திறமை இங்கே நிறையவே இருக்கிறது. அடுத்த படைப்புக்குக் கையில் பணம் மிஞ்சுவதில்லை என்பதுதான் குறை.

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த எண்பதுகளின் கேசட்டுகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை டிஜிட்டலாக்குவதா, அதே பாடல்களை இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொண்டு கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவதா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். இணையத்தில் உரிமையின்றிச் சுற்றும் பழைய பாடல்களில் ஏராளமானவை 128 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 128 கிலோபிட் அளவுள்ள எம்பி3 கோப்புகள். சிடியில் வினாடிக்கு 1,411 கிலோபிட் இருக்க, அவற்றில் இருப்பது பதினொன்றில் ஒரு பங்கு. அதையும் ஆளுக்கு ஆள் மறுபடி சுருக்கி ஏற்றியிருப்பார்கள். சலங்கையும் ஜால்ராவும் தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பது போலக் கேட்கும். நாடாவில் இரைச்சல் இருக்கும்தான். ஆனால் அந்த இரைச்சலுக்குப் பின்னால் பாடகரின் மூச்சும் வயலின்களின் இழைப்பும் சிதையாமல் இருக்கும். அதிகாரபூர்வத் தளங்களில் நல்ல பதிப்பு வந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். எதிலும் வராத பாடல்கள் உங்கள் பெட்டியில் இருக்க நிறையவே வாய்ப்புண்டு.

கேசட்டை உடனே ஓடவிட வேண்டாம். அதன் அடிப்பக்க நடுத்துளையைப் பாருங்கள்: செம்புத் தகட்டின் மேல் சிறு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை விட்டு அது விழுந்திருந்தால் ஒலி மங்கலாகவும் ஏறி இறங்கியும் வரும். பயன்படாத வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்ற நாடாக்களுக்கும் பரவும். பிறகு கேசட்டை ஓட்டும் கருவியான டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கேசட்டைக் கடைசி வரை ஒரு முறை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள்.

டெக்கின் லைன் அவுட் என்ற ஒலி வெளியீட்டுத் துளையைக் கணினியோடு இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவுசெய்யுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு ஜிகாபைட் அளவு இடம் பிடிக்கும். ஃபிளாக் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் அளவு குறைந்துவிடும். இரைச்சல் நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே கூடாது, பிரதியில் செய்து பாருங்கள். உறைக்குள் மடித்திருக்கும் அட்டையின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் சேருங்கள். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், வெளியிட்ட நிறுவனம் ஆகிய விவரங்கள் அந்த அட்டையில்தான் பிழையில்லாமல் இருக்கும். இணையக் கோப்புகளில் பாடலாசிரியர் பெயரைத் தேடினாலும் கிடைப்பதில்லை. முதலில் அப்பா கையால் எழுதிய கேசட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியிலிருந்து பிடித்தவை அவற்றில் இருந்தால் அவற்றுக்கு வேறு பிரதி இருக்காது.