சபைக்கு ஐயர் ஆகவா, ஆராய்ச்சிக்கா? கோத்தகிரி அண்ணாவுக்கு ஒரு பதில்

அண்ணா,

போன சனிக்கிழமை கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பேச்சை பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். படியில் இறங்கும்போது ஒன்று சொன்னீர்கள்: "பத்தாவதுல நானூத்தி அறுபது எடுத்த பிள்ளை பைபிள் காலேஜுக்குப் போறேன்னா ஊர்ல என்ன பேசுவாங்க சார்?" ஊர் என்ன பேசும் என்பதற்கு என்னிடம் மருந்து கிடையாது. உங்கள் மகள் என்ன படிக்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இந்த ஆசை எங்கிருந்து வந்தது? கன்வென்ஷன் கூட்டத்தில் யாரோ கைவைத்து ஜெபித்தார்கள் என்று சொல்வாள் என நினைத்தேன். பலர் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொன்னது வேறு. உங்கள் வீட்டுப் பைபிளில் ஏசாயா 7:14-இல் 'ஒரு கன்னிகை' என்று இருக்கிறது. பள்ளித் தோழி வீட்டில் இருக்கும் திருவிவிலியத்தில், அதாவது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில், அதே இடத்தில் 'இளம்பெண்' என்று இருக்கிறது. எது சரி என்று சபையில் கேட்டாளாம். "அதையெல்லாம் நோண்டாதே" என்று பதில் வந்ததாம்.

அண்ணா, இறையியல் படிப்பின் வாசல் கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான். எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் 'அல்மா' என்ற சொல் இருக்கிறது. மண வயதுக்கு வந்த இளம்பெண் என்று பொருள். இயேசு பிறப்பதற்கு முன்பே யூதர்கள் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது 'பார்த்தேனோஸ்' என்று போட்டார்கள். அதற்குக் கன்னி என்று பொருள். மத்தேயு தன் முதல் அதிகாரத்தில் அந்தக் கிரேக்க வாசகத்தையே எடுத்துக்கொண்டார். ஆக, இரண்டு தமிழ்ப் பைபிள்களும் பொய் சொல்லவில்லை. ஒன்று எபிரேயச் சொல்லை ஒட்டி நிற்கிறது, மற்றொன்று மத்தேயு படித்த விதத்தை ஒட்டி நிற்கிறது. இதை அவளிடம் சொன்னதும் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்க்கவில்லை. கணக்கு விடை சரியாக வந்த பிள்ளையின் முகம் அது.

"அப்படி நோண்டினால் விசுவாசம் போய்விடாதா?" என்பீர்கள். சிலருக்கு முதல் வருடம் ஆட்டம் காணும், அதை மறைக்க மாட்டேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலும் இரண்டாம் அதிகாரத்திலும் படைப்பு வேறு வேறு வரிசையில் நடக்கிறது என்பதை முதன்முதலாக நின்று கவனிக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வராமல் போகலாம். ஆனால் கேள்வியை மூடிவைத்த பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் ஓசையில்லாமல் சபையைவிட்டு நழுவுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கேட்கிறாள். கேட்க இடம் கொடுக்கிற கல்லூரியில் அவள் இருப்பது நல்லது.

இப்போது வரிசை. என் பேச்சில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்: முதலில் ஒரு டிகிரி. ஊட்டி அரசு கலைக் கல்லூரியோ, குன்னூர் பிராவிடன்ஸோ, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எதுவானாலும் சரி. வரலாறு, ஆங்கிலம், தமிழ் என்று மொழியும் காலமும் சம்பந்தப்பட்ட பாடமாக இருந்தால் பின்னால் உதவும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக பி.டி. என்கிற இறையியல் பட்டப் படிப்பில் சேர்ந்தால் ஐந்து வருடம், டிகிரியோடு போனால் நான்கு. கூட்டிப் பார்த்தால் இரண்டு வருடம் கூடுகிறது. அந்த இரண்டு வருடத்துக்கு அவள் கையில் இன்னொரு கதவின் சாவி இருக்கும். வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்தில் இருப்பதால் ஓர் உதாரணம்: ராணுவத்தில் பாதிரியார் பணிக்கு ஆள் எடுக்கும்போதுகூட, திருச்சபை அபிஷேகத்தோடு, அதாவது ஐயராக முறைப்படி நியமிக்கப்பட்டதோடு, ஏதாவது ஒரு பட்டமும் கேட்கிறார்கள். (அது ஆண்களுக்கான வேலை. ஆனால் பட்டத்தின் மதிப்பு புரியும்.)

டிகிரிக்குப் பிறகு மூன்று பக்கம் பாதை பிரியும்.

அவள் ஆயராக, அதாவது சபையை நடத்தும் ஐயராக, விரும்பினால், தன் இஷ்டத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போக முடியாது. சபை பரிந்துரைக்க வேண்டும், தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) கோயம்புத்தூர் திருமண்டலம், அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள வட்டாரம், தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நீலகிரி அந்தத் திருமண்டலத்துக்குள்தான் வருகிறது. பெண் பிள்ளையை எடுப்பார்களா என்று உங்கள் வீட்டம்மா கேட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபை பல வருடங்களாகவே பெண்களை அபிஷேகம் செய்கிறது. 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பா லலிதா பேராயரே ஆனார். சட்டம் இடம் கொடுக்கிறது, சபையார் மனசு எல்லா இடத்திலும் கொடுப்பதில்லை. அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். வீடு கொடுப்பார்கள், மாற்றல் வரும், சம்பளம் கம்பெனி வேலையோடு போட்டி போடாது.

ஆயராக வேண்டாம், படிக்க வேண்டும் என்றால் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-லிருந்து இருக்கிறது. பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-லிருந்து. இரண்டும் வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் பட்டத்துக்குப் படிக்க வைப்பவை. 1818-இல் வில்லியம் கேரி என்ற மிஷனரியும் கூட்டாளிகளும் தொடங்கிய கல்லூரி அது. அந்த ஊரை அப்போது ஆண்ட டென்மார்க் ராஜா 1827-இல் கொடுத்த சாசனத்தில்தான் பட்டம் வழங்கும் உரிமையே வந்தது. அரசாங்க வேலைக்கும் பல்கலைக்கழக வேலைக்கும் உதவும் பட்டம்தான் வேண்டும் என்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறித்தவ ஆய்வுத் துறையில் எம்.ஏ. இருக்கிறது.

மூன்றாவது பாதை, வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. செராம்பூரில் சபை மக்களுக்கென்றே அஞ்சல்வழிப் படிப்பு உண்டு. நிறைய ஆசிரியைகள் அப்படிப் படிக்கிறார்கள்.

மாடியில் ஒரு போர்டு மாட்டி, ஒரு வருடத்தில் டாக்டர் பட்டம் தருகிற இடங்களின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே பணத்தையும் மூன்று வருடத்தையும் தொலைத்துவிட்டு என்னிடம் வந்த பையனுக்கு இன்றுவரை நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

வேலை? ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆறுதல் சொல்லும் சாப்ளின் வேலை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்று தனித் துறையே உண்டு. பைபிள் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அவளைப் போன்ற பிள்ளைக்கு என் மனசு சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டில் படுகு பேசுகிறீர்கள். 1890-இலேயே லூக்கா சுவிசேஷத்தைப் படுகு மொழியில் மங்களூரில் அச்சடித்தார்கள், கன்னட எழுத்தில். ஒரு மலைமொழியில் 'கிருபை' என்பதற்கு என்ன சொல்வது என்று யோசிப்பது முழுநேர வேலை, சம்பளமுள்ள வேலை.

ஆராதனையைப் பற்றியும் நீங்கள் வருத்தப்பட்டீர்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் கீர்த்தனையை விட்டுவிட்டு கீபோர்டும் டிரம்ஸும் கேட்கிறார்கள் என்று. இதுவும் இறையியல் கல்லூரியில் ஒரு பாடம். அரசரடியில் பேராசிரியராக இருந்த பறட்டை என்கிற தியாப்பிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஊரில் தீண்டத்தகாதது என்று தள்ளிய வாத்தியம் பீடத்தின் பக்கம் ஒலித்தால் சபைக்கு என்ன ஆகும் என்று கேட்டவர் அவர். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கே முதலில் கேட்டபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது சொற்பம்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிகிறவரை யாரும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். முடிந்ததும் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம். அந்த விடுமுறையில் உங்கள் சபை ஐயரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் போகும்போது இவளையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நான்கு துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தனக்கு எது சரிப்படும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். மீதி நேரத்தில் கிரேக்க எழுத்து இருபத்துநான்கையும் எழுதிப் பழகட்டும்.

மே மாதம் மறுபடி வாருங்கள், காலை பஸ்ஸில். அந்த இரண்டு பைபிளையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.