வேலியில் கருத்த காய்: களாவா, பொன்னரளியா?

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டம் வாங்கியிருக்கிறோம். கிளுவை வேலிக்கு நடுவே ஒரு முள்ளுச்செடியில் வெளிர்சிவப்பும் கறுப்புமாகக் காய்த்திருக்கிறது. "களாக்காய்தான், ஊறுகாய் போடலாம்" என்கிறார் மாமியார். கிள்ளினால் பால் வடிகிறது, பயமாக இருக்கிறது. சமைக்கலாமா?

பதில்: பயந்தது நல்லதுதான் தாயி. களாவில் பால் வடியும். பொன்னரளியிலும் வடியும், இரண்டும் ஒரே குடும்பம். எங்கள் பக்கம் பொன்னரளியையும் வேலியோரம் நட்டிருப்பார்கள். அதன் காயும் பழுத்தால் கருத்துவிடும்.

அதனால் செடியைப் பாருங்கள். களாவில் விறைத்த முள் இருக்கும். இலை எதிரெதிராக, தடித்து, முட்டை வடிவில் இருக்கும். பூ வெள்ளை. பொன்னரளியில் முள்ளே கிடையாது; இலை நீண்டு ஒடுங்கியது, பூ மஞ்சள். அப்புறம் காயை நறுக்குங்கள். களாவுக்குள் தட்டையான சின்ன விதைகள் பல இருக்கும். பொன்னரளிக்குள் கல்லாட்டம் ஒரே கொட்டை. அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. என் அமுச்சி மடி நிறையப் பறித்து வந்தாலும், திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகக் கீறி விதையைப் பார்த்த பிறகுதான் சட்டியில் போடுவார். நானும் இன்றுவரை அப்படித்தான்.

களாதான் என்று உறுதியானால், ஊறுகாய்க்குக் கருக்காத கெட்டிக் காயாக அரை கிலோ எடுங்கள். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. இரண்டாக நறுக்கி, விதையைத் தோண்டி எடுத்து, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள், பால் கழன்றுவிடும். கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்தி, 75 கிராம் கல்லுப்புடன் பீங்கான் ஜாடியில் 2 நாள் வையுங்கள். இரும்புச்சட்டியும் அலுமினியமும் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். பிறகு 150 மில்லி நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு, பெருங்காயம் தாளித்து அடுப்பை அணைத்துவிடுங்கள். சூடு தணிந்ததும் 50 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் காயில் ஊற்றிக் கிளறுங்கள்.

கருத்துக் கனிந்ததை ஊறுகாயில் சேர்க்காதீர்கள், குழைந்துவிடும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, விதை போக வடிகட்டி, சம அளவு வெல்லம் போட்டுக் கிளறினால் தானாகவே கெட்டிப்படும். எலுமிச்சை பிழிய வேண்டாம். தோசைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.