எதை வைத்துப் பெரியவர் என்பது?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சென்ற ஞாயிறு ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது என் மாமாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் 7 தங்கம் வென்ற செய்தியைப் பத்திரிகையில் படித்து வளர்ந்த மாமா, அவரை விஞ்ச ஆளில்லை என்கிறார். அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸ் வாங்கிய 23 ஒலிம்பிக் தங்கத்துக்கு முன்னால் வேறு பேச்சே கூடாது என்கிறான் மகன். எதை வைத்து ஒரு நீச்சல் வீரரைப் பெரியவர் என்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கத்தை எண்ணிப் பார்ப்பது உங்கள் மகனுக்கு எளிது. ஆனால் அந்த எண்ணிக்கையில் விளையாட்டின் அமைப்புக்கும் பங்கு உண்டு. நம் ஊர்ப் பையன்கள் உயிராக நினைக்கும் ஹாக்கியில், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் ஓர் ஒலிம்பிக்கில் ஒரு தங்கத்துக்குமேல் வாங்க வழியில்லை. நீச்சலிலோ பாணிக்கொன்று, தூரத்துக்கொன்று, நால்வர் அடுத்தடுத்து நீந்தும் அஞ்சல் நீச்சலுக்குத் தனியாக என்று பதக்கங்கள் காத்திருக்கின்றன. அந்த நீச்சலுக்குள்ளேயும் எல்லாருக்கும் ஒரே பந்தி விரிக்கப்படவில்லை. அமெரிக்க வீராங்கனை கேத்தி லெடெக்கி 2013இலேயே 1500 மீட்டரில் உலகச் சாதனை படைத்தவர். ஆனால் 2016 ரியோவில் பெண்களுக்கு அந்தப் போட்டியே இல்லை. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அதைச் சேர்த்தார்கள், சேர்த்தவுடன் அவரே வென்றார்.

என் அம்மா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கணக்குப்பிள்ளையான கிராணி எழுதிக்கொண்டது எடையை மட்டும்தான். சமதரையில் இளமரங்கள் நின்ற நிரை யாருக்கு, மேட்டில் பட்டை தேய்ந்த கிழமரங்கள் யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் ஏறியதில்லை. பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து மேட்டிலிருந்து இறங்கி வரும் அம்மாவின் வாளி, பக்கத்து நிரைக்காரரின் வாளியைவிட எப்போதும் இலேசாகத்தான் இருக்கும். யாருடைய வெட்டு சுத்தம் என்று கேட்டால் மட்டும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அம்மாவின் மரங்களைத்தான் காட்டுவார். பதக்கப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரேடுதான் நினைவுக்கு வருகிறது.

கடிகாரமும் நமக்கு உதவாது. மியூனிக்கில் ஸ்பிட்ஸ் 100 மீட்டர் கட்டற்ற நீச்சலை 51.22 வினாடிகளில் நீந்தினார். 2024இல் பாரிசில் சீனாவின் பான் ஷான்லே 46.40இல் முடித்துவிட்டார். ஸ்பிட்ஸ் நீர்க்கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல், அந்தப் பிரபலமான மீசையோடு நீந்தியவர். இடையில் நீச்சலுடையே ஆளை மிதக்க வைத்த ஒரு காலமும் வந்துபோனது. 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் விழுந்தன, மறு ஆண்டே அந்த உடைகளுக்குத் தடை வந்தது. அந்த வாரத்துச் சாதனைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே, அதே நீரில் அதே நாளில் கூட நீந்தியவர்களை ஒருவர் எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளினார், எத்தனை ஆண்டுகள் தள்ளினார் என்பதையே நான் பார்க்கிறேன். உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது: ஸ்பிட்ஸின் 7 தங்கமும் உலகச் சாதனையோடு வந்தவை. ஆனால் 22 வயதில் அவர் கரையேறிவிட்டார். பெல்ப்ஸ் 200 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் வென்றார். 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின்போது கண்ணாடிக்குள் நீர் புகுந்து பார்வை மறைந்துவிட, கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். அதுவும் உலகச் சாதனை. அதே பெய்ஜிங்கின் 8 தங்கத்தில் மூன்று அஞ்சல் நீச்சலில் வந்தவை என்பதையும், அவற்றுள் ஒன்றைக் கடைசிச் சுற்றில் மீட்டுக் கொடுத்தவர் அவருடைய அணித்தோழர் ஜேசன் லெசாக் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். இன்னொரு தங்கம் 0.01 வினாடியில் கிடைத்தது.

பரப்பு என்றால் பெல்ப்ஸ்தான். அதில் எனக்குத் தயக்கமில்லை. இடைவெளி என்றால், உங்கள் வீட்டு இருவரும் பெயரே எடுக்காத லெடெக்கியைத்தான் முதலில் வைப்பேன். 15 வயதில் லண்டனில் 800 மீட்டர் தங்கத்தை எடுத்தவர், 2024 பாரிஸ் வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ரியோவில் அவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 11 வினாடிகளுக்குமேல் இருந்தன.

அடுத்த ஞாயிறு தே தாரிக் வரும்வரை, மகனின் கைப்பேசியில் அந்த ரியோ போட்டியின் கடைசி நூறு மீட்டரை மாமாவுக்குக் காட்டச் சொல்லுங்கள். லெடெக்கி சுவரைத் தொட்டுத் திரும்பிப் பலகையைப் பார்க்கும்போது, மற்ற ஏழு பேரும் இன்னும் நீந்திக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
கி.