வளர்ந்துவரும் கம்பெனியில் வேலைக்குச் சேரலாமா? சாதகம், பாதகம் என்ன?

சேரலாம், ஆனால் ஈசாப்பை (கம்பெனியின் பங்கைப் பிற்பாடு முன்பே பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை) நம்பிச் சேராதீர்கள்.

பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் அப்படி ஒரு கம்பெனியில்தான் இருக்கிறேன். அதற்கு முன் பெரிய ஐடி கம்பெனி. அங்கே ஒரு சர்வரைத் தொட வேண்டும் என்றால் டிக்கெட் (கோரிக்கை) போட்டுவிட்டு ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இங்கே சேர்ந்த வாரமே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கோடு எழுதுவேன், கஸ்டமர் போனை எடுப்பேன், புது ஆட்களை இன்டர்வியூவும் செய்வேன். நான் எழுதியது எங்கே உதைக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தொழில் கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதற்கு விலையும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு சில்க் போர்டில் சேலம் பஸ் ஏறிய பிறகும் போன் வரும். பக்கத்து சீட்டுக்காரர் முறைக்க முறைக்க மடியில் லேப்டாப்பைத் திறக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, கம்பெனி வளர்ந்தால் நாமும் வளர்வோம் என்று கட்டாயம் இல்லை. ஃபண்டிங் வந்ததும் வெளியிலிருந்து மேனேஜர்களைக் கொண்டுவருவார்கள். எங்கள் டீமில் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கட்டி எழுப்பிய அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு மேலே ஒருவரை உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் பேப்பர் போட்டுவிட்டார்.

ஈசாப் விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்தைக் குறைத்து அந்த இடத்தில் இதை வைப்பார்கள். வழக்கமாக 4 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும். முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை. பங்காக மாற்றும்போது அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளக் கணக்கில் சேர்ந்து வரி விழும். (அங்கீகாரம் பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் அதைத் தள்ளிப்போட வழி உண்டு.) கம்பெனி பங்குச்சந்தைக்கு வரவில்லை, வாங்கவும் ஆள் இல்லை என்றால் அது வெறும் காகிதம். ஊரில் வீட்டு லோன் ஓடுகிறதா? அதைப் பூஜ்ஜியம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆஃபரை ஏற்கும் முன் அங்கே வேலை பார்க்கும் யாரையாவது பிடித்து, பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிஎஃப் கட்டாயம். கம்பெனி கையில் காசு குறைந்தால் பல இடங்களில் முதலில் இழுத்தடிப்பது அதைத்தான். அப்புறம், மெடிக்கல் இன்சூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.